கருப்பரிசித் தவிட்டில் நிறம் வேறு, புரதம் வேறு: நான்காவது முறையில் பிரிந்தது

நேற்றுக் காலை கண்ணாடித் தட்டிலிருந்து சுரண்டி எடுத்த பொடி 3.4 கிராம் இருந்தது. முழு வெள்ளை இல்லை. பாலில் ஒரு துளி சாம்பல் கலந்த மாதிரி ஒரு நிறம். பக்கத்தில் பாட்டிலில் நாவற்பழச் சாறு போல அடர்ந்த சிவப்புத் திரவம். இரண்டும் ஒரே 50 கிராம் கருப்பரிசித் தவிட்டிலிருந்து வந்தவை. இதற்கு முன் மூன்று முறை செய்து மூன்றும் கெட்டுப்போயின. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவருக்கு என் மூன்று வாரம் மிச்சமாகட்டும்.

நான் செய்ய நினைத்தது இதுதான். கருப்பரிசியின் நிறத்தைத் தனியாகவும் புரதத்தைத் தனியாகவும் எடுக்க வேண்டும். புரதம் நிறமில்லாமல் வர வேண்டும், நிறம் கெடாமல் வர வேண்டும். ஆய்வகக் கருவி எதுவும் இல்லை. கையிலிருந்தவை: 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, பேனா வடிவ பிஹெச் மீட்டர் (பிஹெச் என்பது அமில, காரத் தன்மையின் அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்), பிஹெச் தாள், 20 மில்லி சிரிஞ்சுகள், கண்ணாடிக் குவளைகள், மெல்லிய பருத்தித் துணி, காபி வடிதாள், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. சோடியம் ஹைட்ராக்சைடு, சிட்ரிக் அமிலம், எத்தனால் மூன்றும்தான் முக்கிய ரசாயனங்கள்.

முதல் முறை: முழு அரிசி மாவு

ஒரு கருப்பரிசி மணியைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை. நிறம் முழுக்க ஓரத்தில் ஒரு கோடுபோல, தாளின் தடிமன்கூட இல்லாமல், ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகும் முழு அரிசியை மிக்ஸியில் அரைத்து மாவோடு ஆரம்பித்தேன். தவிட்டைப் பிரிக்கும் வேலைக்கு அப்போது பொறுமை இல்லை.

அரிசிப் புரதத்தில் பெரும்பங்கு குளுட்டலின். அது தண்ணீரில் கரையாது, காரத்தில் கரையும். அதனால் ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்து, அதில் 100 கிராம் மாவைக் கொட்டினேன். மாவு முதலில் பச்சையானது. சில நிமிடத்தில் பாசிபிடித்த குளத்து நிறம், அப்புறம் பழுப்பு. பத்து நிமிடத்தில் கரண்டி நட்டால் நிற்கும் கூழாகிவிட்டது. அடுப்பில்லாமல், சூடில்லாமல், அந்த அளவு காரத்தில் மாவுச்சத்து தானாகவே வெந்த மாதிரி ஊதிக் கஞ்சியாகிவிடும். துணியில் ஊற்றினேன், ஒரு மணி நேரத்தில் நாலு சொட்டு இறங்கியது. சிட்ரிக் அமிலம் விட்டுக் காரத்தை முறித்துக் கொட்டிவிட்டேன்.

இதில் இரண்டு விஷயம் பிடிபட்டது. காரம் லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் தேவையில்லை, அதையும் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். நிறமும் தவிட்டுப் புரதமும் வெளி அடுக்கில் இருக்கும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்தை வேலைக்குள் கொண்டு வரவே கூடாது.

தவிடு எடுத்தது

இது தனி வேலை. மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தேன், அரிசி நொறுங்கியது. கடைசியில் சின்னக் கல் உரலும் மர உலக்கையும்தான் கைகொடுத்தன. 250 கிராம் அரிசிக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடம் மூடி வைத்து, பிறகு மெதுவாகக் குத்த வேண்டும். அந்த ஈரம் இருந்தால் மணியோடு மணி உரசித் தோல் கழலும். ஈரமில்லாவிட்டால் மணி உடையும். ஓங்கிக் குத்தக் கூடாது, உலக்கையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டே இறக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சலித்துத் தவிட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் தவிடு மெத்தைபோல் படிந்து உரசலைக் குறைத்துவிடுகிறது.

ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரை மணி நேரம், 94 கிராம் தவிடு. உள்ளங்கை இரண்டும் சிவந்து போயின. சலித்த தவிடு கருநீலப் பொடியாக, கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியது.

அந்த எண்ணெயை நான் கணக்கில் எடுக்கவில்லை. தவிட்டை டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்து, நான்கு நாள் கழித்துத் திறந்தால் சிக்கு வாடை. குத்தும்போதே தவிட்டிலிருக்கும் லைபேஸ் என்சைம் எண்ணெயோடு சேர்ந்து அதை உடைக்க ஆரம்பித்துவிடுகிறது. வறுத்தால் என்சைம் அடங்கும். ஆனால் சூடுபட்ட புரதம் பிறகு சரியாகக் கரையாது. ஆகவே அந்த 94 கிராமைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஒரு கிலோ குத்தினேன். இந்த முறை சலித்ததும் சலித்ததும் பொட்டலம் கட்டி உறைபெட்டிக்குள். அதற்குப் பிறகு வாடை வரவில்லை.

இரண்டாம் முறை: முதலில் காரம்

50 கிராம் தவிடு, 500 மில்லி தண்ணீர். போன முறை காரம் எகிறிப்போன பயத்தில் இந்த முறை சலவைச் சோடா எடுத்துக்கொண்டேன். பிஹெச் 9.5 வரை கொண்டுவந்து ஒரு மணி நேரம் கிளறி, துணியில் பிழிந்து, அரை மணி நேரம் வைத்து, அடியில் தங்கிய மாவை விட்டுவிட்டு மேல் திரவத்தை மட்டும் சரித்து எடுத்தேன். அடர் பழுப்புக் காபி நிறம்.

இனி அமிலம் விட்டு பிஹெச்சை 4.5க்கு இறக்க வேண்டும். அந்த இடத்துக்கு அருகில் அரிசிப் புரதங்களின் மின்னேற்றம் சமனாகி, ஒன்றோடொன்று சேர்ந்து திரிந்து கீழே விழும். சிட்ரிக் அமிலக் கரைசலைச் சிரிஞ்சில் எடுத்து ஒரே அழுத்தாக 20 மில்லி விட்டேன். சலவைச் சோடாவில் அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு பொங்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம்; அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நுரை குவளையைத் தாண்டி மேசை முழுக்க ஓடியது. கிட்டத்தட்ட 40 மில்லி போச்சு. மிச்சத்திலும் குமிழிகள் புரதத் திரளைத் தூக்கி மேலே மிதக்க வைத்ததால் அது படியவே இல்லை. குளிர்பெட்டியில் ஒரு ராத்திரி வைத்த பிறகுதான் இறங்கியது.

வடித்துக் காய வைத்ததில் 4.6 கிராம் வந்தது. அளவு நன்றாகத்தான் இருந்தது. நிறம்தான் சேற்று நிறம், ஊதாவும் பழுப்பும் கலந்து. பிஹெச் 4.5 தண்ணீரில் மூன்று முறை கழுவியும் போகவில்லை. கொஞ்சம் எடுத்து அதன்மேல் ஒரு சொட்டு சிட்ரிக் அமிலம் விட்டேன். கருப்பரிசிக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் உயிரோடு இருந்தால் அது சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, பழுப்பாகவே நின்றது.

அப்போதுதான் என்ன நடந்தது என்று விளங்கியது. கருப்பரிசியின் முக்கிய நிறமி சயனிடின்-3-குளுக்கோசைடு, கூடவே பியோனிடின்-3-குளுக்கோசைடும் இருக்கும்; இரண்டும் ஆந்தோசயனின் வகை. காரத்தில் இவை உடைவதோடு காற்றிலிருக்கும் ஆக்சிஜனாலும் மாறுகின்றன. அப்படி மாறியது பக்கத்திலிருக்கும் புரதத்தோடு வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்கிறது. சும்மா படிந்த கறை என்றால் கழுவினால் போகும், இது போகாது. ஒரு மணி நேரம் காரத்தில் போட்டுக் கிளறி நிறத்தையும் புரதத்தையும் ஒட்ட வைத்தது நான்தான்.

இடையில் ஏழு குவளைகள்

நிறமி எங்கே பத்திரமாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு மாலை இதற்கே ஒதுக்கினேன். ஒரு தேக்கரண்டி தவிட்டை 50 மில்லி தண்ணீரில் ஊற வைத்து வடித்து, ஏழு சின்னக் குவளைகளில் பிரித்து, ஒவ்வொன்றின் பிஹெச்சையும் மாற்றினேன்.

பிஹெச் 2இல் நல்ல சிவப்பு. 3இல் அதே சிவப்பு, கொஞ்சம் இளகி. 4.5இல் கிட்டத்தட்ட நிறமே இல்லை, ரோஜா இதழைத் தண்ணீரில் போட்டு எடுத்த மாதிரி. 6இல் மங்கிய ஊதா. 7.5இல் நீலம் கலந்த ஊதா. 9இல் பச்சை நீலம். 11இல் முதலில் பச்சை, நான் குறிப்பு எழுதி முடிப்பதற்குள் மஞ்சள். பிறகு எல்லாக் குவளையிலும் அமிலம் விட்டுத் திரும்ப 2க்குக் கொண்டுவந்தேன். 4.5இல் இருந்தது முழுச் சிவப்பாகத் திரும்பியது. அங்கே நிறமி அழியவில்லை, நிறத்தை மட்டும் ஒளித்து வைத்திருந்தது. 9இல் இருந்தது பாதிதான் திரும்பியது. 11இல் இருந்தது மஞ்சளாகவே நின்றுவிட்டது.

இந்த ஏழு குவளைகளை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

அன்றே இன்னொன்றும் தெரிந்தது. ஊற வைத்த தண்ணீரை ஒரு பழைய இரும்புக் கரண்டியால் கலக்கினேன். கரண்டியைச் சுற்றிக் கருநீல வளையம் படர்ந்தது. சயனிடின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிறம் மாறும். அதோடு இரும்புச் சல்லடை, கரண்டி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கண்ணாடி, பிளாஸ்டிக், நல்ல எவர்சில்வர் மட்டும் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை: முதலில் அமிலத் தண்ணீர்

நிறமியை முதலில் அமிலத்தில் எடுத்துவிட்டு, மிஞ்சும் தவிட்டில் காரம் போடலாம் என்று முடிவு செய்தேன். வரிசை சரி. கரைப்பான்தான் தவறு.

சிட்ரிக் அமிலம் கலந்த பிஹெச் 3 தண்ணீரில் 50 கிராம் தவிட்டை மூன்று முறை ஊற வைத்து வடித்தேன். அழகான சிவப்பு இறங்கியது, தவிடு வெளுத்தது. ஆனால் பாட்டிலைக் குலுக்கியபோது மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை கட்டி, இருபது நிமிடம் ஆகியும் அடங்கவில்லை. நிறமி மட்டும் இருந்தால் இப்படி நுரை நிற்காது. சந்தேகப்பட்டு அந்தச் சிவப்புத் திரவத்தின் பிஹெச்சை 4.5க்கு ஏற்றினேன். ஊதா நிறத்தில் திரித்திரியாகப் புரதம் விழுந்தது.

காரணம் எளிது. வெள்ளை அரிசிக்குள் இருக்கும் புரதத்தில்தான் குளுட்டலின் ஆட்சி. தவிட்டில் பாதிக்கு மேல் அல்புமினும் குளோபுலினும். அல்புமின் வெறும் தண்ணீரிலேயே கரையும், குளோபுலின் உப்புத் தண்ணீரில் கரையும், தவிட்டிலோ உப்புகளுக்குக் குறைவில்லை. நான் நிறத்தைக் கழுவுவதாக நினைத்துப் புரதத்தைக் கழுவிக் கொட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் கிடைத்தது 1.9 கிராம்.

இதிலேயே இன்னொரு பிழையும் கலந்திருந்தது. பிஹெச் மீட்டரை 4, 7 தரக் கரைசல்களில் சரிபார்த்தபோது அது கிட்டத்தட்ட 0.8 குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான் 4.5 என்று நினைத்து நிறுத்திய இடம் உண்மையில் 5.3, புரதம் முழுக்க விழ அது போதாது. இப்போது ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் சரிபார்க்கிறேன்.

நான்காம் முறை: அமிலம் கலந்த ஆல்கஹால்

நிறமியைக் கரைக்க வேண்டும், புரதத்தைக் கரைக்கக் கூடாது. ஆல்கஹால் இதற்குப் பொருந்தும். 70 பங்கு எத்தனால், 30 பங்கு தண்ணீர், அதில் ஒரு சதவீதம் சிட்ரிக் அமிலம். ஆல்கஹாலில் கரையும் புரோலமின் என்ற புரதம் கொஞ்சம் போகும். தவிட்டில் அது மிகச் சிறிய பங்கு என்பதால் அந்த இழப்பு பரவாயில்லை.

50 கிராம் தவிடு, ஒவ்வொரு முறையும் 250 மில்லி, மூன்று முறை, முறைக்கு இரண்டு மணி நேரம். மூடிய கண்ணாடிப் பாட்டிலில், இருட்டான இடத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கினேன். முதல் வடிப்பு கிட்டத்தட்ட கருஞ்சிவப்பு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் சிவப்பு தெரியும். இரண்டாவது தெளிந்த சிவப்பு. மூன்றாவது இளஞ்சிவப்பு. நுரை பார்த்தேன், குலுக்கியதும் எழுந்து உடனே அடங்கியது. நிம்மதியாக இருந்தது.

தவிடு இப்போது தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்டது. கொஞ்சம் எண்ணெயும் ஆல்கஹாலோடு போயிருக்க வேண்டும், பிசுக்கு குறைந்திருந்தது. அகலத் தட்டில் பரப்பி, ஜன்னல் திறந்து, ஆறு மணி நேரம் காற்றாட விட்டேன். அந்த நேரம் முழுக்க வீட்டில் அடுப்பு, விளக்கு எதுவும் பற்றவைக்கவில்லை. ஆல்கஹால் ஆவி தரையோடு பரவித் தீயைத் தேடிப் போகும். வாடை முழுக்கப் போன பிறகு எடை 43.6 கிராம்.

அப்புறம் 440 மில்லி தண்ணீர். லிட்டருக்கு 4 கிராம் என்று கரைத்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சிரிஞ்சில் எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 9இல் நிறுத்தினேன். கிளறக் கிளற அது கீழே இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து மறுபடி ஏற்ற வேண்டும். மொத்தம் 70 மில்லி பிடித்தது. ஒரு மணி நேரம் கழித்துத் துணியில் பிழிந்து, மாவு தங்க விட்டு, மேல் திரவத்தை எடுத்தேன். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி வெளிறிய மஞ்சள், லேசான பச்சைச் சாயல். போன முறைகளில் இருந்த காபி நிறம் இல்லை.

அமிலத்தை ஒரு மில்லி, ஒரு மில்லியாக விட்டேன். 5.5க்கு வந்ததும் திரவம் கலங்கியது. 4.8இல் பால் திரிகிற மாதிரி சின்னச் சின்னத் திரளாகப் பிரிந்து, நடுவே தெளிந்த நீர் தெரிந்தது. 4.5இல் நிறுத்தினேன். குளிர்பெட்டியில் ஒரு ராத்திரி. காலையில் அடியில் இரண்டு சென்டிமீட்டர் வெளுத்த படிவு. மேல் நீரைச் சிரிஞ்சில் சின்னக் குழாய் மாட்டி உறிஞ்சி எடுத்தேன். சரித்தால் படிவு கலங்கிவிடும், வடிதாளில் ஊற்றினால் ஐந்தே நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். இரண்டு முறை கழுவி, கண்ணாடித் தட்டில் மெல்லியதாகத் தடவி, மின்விசிறிக் காற்றில் காய வைத்தேன். ஒரு சின்னப் பங்கை மட்டும் சூடான அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது நகம் மாதிரி கெட்டியாகி, தண்ணீரில் போட்டாலும் இளகவில்லை.

சோதனைகள்: பொடியில் ஒரு சிட்டிகையைக் காரத்தில் கரைத்து மயில்துத்தக் கரைசல் இரண்டு சொட்டு விட்டதும் தெளிவான ஊதா வந்தது. வெறும் காரத்தில் அதே இரண்டு சொட்டுக்கு நீலக் கலங்கல் மட்டும். ஊதா வந்தால் புரதம். (இதே சோதனையை இரண்டாம் முறைக் குழம்பில் செய்தபோது திரவத்தின் சொந்த நிறத்தில் எதுவுமே தெரியவில்லை.) அயோடின் ஒரு சொட்டுக்கு லேசாக நீலம் தட்டியது, ஆக மாவுச்சத்து கொஞ்சம் இன்னும் இருக்கிறது, 3.4 கிராமும் புரதம் இல்லை. சிட்ரிக் அமிலச் சொட்டுக்கு மெல்லிய ரோஜா நிறம். நிறமி துளி இருக்கிறது, ஆனால் கெடாமல் இருக்கிறது.

நிறமித் திரவத்தை இரண்டு பாட்டிலில் பிரித்து, ஒன்றைத் தாள் சுற்றிக் குளிர்பெட்டியிலும் இன்னொன்றை ஜன்னலோரத்திலும் வைத்திருக்கிறேன். போன முறை எடுத்த அமிலத் தண்ணீர் நிறமியை இதே மாதிரி பத்து நாள் வைத்ததில் ஜன்னலோரத்தது செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது.

செலவு என்றால் ஆல்கஹால்தான் பெரிது, தண்ணீர் கலந்த கலவையாக 750 மில்லி. கணக்கிட்டால் ஒரு கிராம் பொடிக்கு 220 மில்லி. அடுத்த முறை மூன்றாவது வடிப்பைக் கொட்டாமல் வைத்திருந்து, புதுத் தவிட்டின் முதல் வடிப்புக்குப் பயன்படுத்துவேன். நேரம், குத்துவதையும் சேர்த்து, மூன்று நாள்.

சிவப்பரிசியில் தோற்றது

இதே முறையைச் சிவப்பரிசியிலும் செய்தேன். முதலில் எடுத்தது புழுங்கல் அரிசி என்று குத்தும்போதே தெரிந்தது, கல் மாதிரி இருந்தது. புழுக்கும்போதே புரதம் வெந்து, பிறகு காரத்துக்கும் அசையாது. காரத் திரவத்தில் அமிலம் விட்டால் கலங்கல்கூட ஒழுங்காக வரவில்லை. பச்சரிசிக்கு மாறினேன்.

பச்சரிசித் தவிட்டில் ஆல்கஹால் மூன்று முறையும் வெளிறிய செங்கல் நிறத்தோடு வந்தது, ஆனால் தவிடு வெளுக்கவே இல்லை. கடைசியில் 3.1 கிராம் புரதம், காவிப் பொடி மாதிரி.

ஏன் என்று ஒரு சின்னச் சோதனையில் பார்த்தேன். ஜெலட்டின் என்பதும் புரதம்தான். அதைத் தண்ணீரில் இளக்கி, வடித்தெடுத்த இரண்டு திரவங்களிலும் சொட்டுச் சொட்டாக விட்டேன். கருப்பரிசித் திரவம் தெளிவாகவே நின்றது. சிவப்பரிசித் திரவத்தில் முதல் சொட்டிலேயே புகைமாதிரி கலங்கல். அரை மணி நேரத்தில் பஞ்சுபஞ்சாகக் கீழே இறங்கி, மேல் திரவம் கிட்டத்தட்ட நிறமற்றுப் போனது. சிவப்பரிசியின் நிறம் புரோஆந்தோசயனிடின். தோல் பதனிடும் டானின் இனம். நீளச் சங்கிலியாக இருந்து புரதத்தைப் பல இடத்தில் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். கருப்பரிசியில் காரத்தால் நேர்ந்த ஒட்டுதல், இதில் காரமே இல்லாமல் நடக்கிறது. இந்தச் சிவப்பைத் தருவதில் முக்கியமானது நெல்லின் 7ஆவது குரோமோசோமில் இருக்கும் ஆர்சி (Rc) மரபணு. பெரும்பாலான வெள்ளை அரிசிகளில் அதில் 14 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அவ்வளவு சின்ன வித்தியாசம், பிரிக்க இத்தனை பாடு.

அடுத்த முயற்சிக்கு 70 சதவீத அசிட்டோன் எடுக்கிறேன்; டானின்களை இழுக்க ஆல்கஹாலைவிட அதுதான் வழக்கம். அசிட்டோன் சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும், சிரிஞ்சின் ரப்பரும் ஊதிப்போகும், கண்ணாடி மட்டும்தான். கார கட்டத்தில் ஒரு சிட்டிகை அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) போட்டு ஆக்சிஜனேற்றத்தையும் தடுத்துப் பார்க்கப் போகிறேன். அதற்காகக் குத்திய சிவப்புத் தவிடு 60 கிராம் தேதி எழுதி உறைபெட்டியில் இருக்கிறது. கண்ணாடி மூடி போட்ட பாட்டில் ஒன்று கிடைத்ததும் தொடங்குவேன்.